அட்டமி முறைத் தண்ணீர்

சிவமயம்
இடைக்காடு, அச்சுவேலி
12-1-1935

அன்புள்ள தங்கச்சி ஞானாம்பிகைக்கு,

அண்ணன் பரமலிங்கம் எழுதுவது. நீயும் மச்சான் கதிரவேலுவும் தாய்ப்பிங்கில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பதற்கு மேல் ஒரு சொல் எழுத எனக்கு உரிமை இல்லை. பதினெட்டு வருடமாக நான் விசாரிக்கவில்லை. இங்கே குணலட்சுமியும் நானும் இருக்கிறோம். மார்கழிப் பனியில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நில அளவைக் கந்தோரில் கணக்கு உத்தியோகம் பார்த்து இளைப்பாறி ஆறு வருடமாகிறது. இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

பழைய கடதாசிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். 1916ஆம் ஆண்டு பங்குக் கிணற்றின் நீர்மட்டத்தை நாம் தினமும் அளந்தபோது பென்சிலால் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. நீல மட்டை. அதைப் பார்த்து மையால் எழுதிய நற்பிரதி என்னிடம் இருக்கிறது. பென்சில் கொப்பியைத்தான் காணவில்லை. உன்னுடைய சாமான்களோடு தவறுதலாக வந்திருக்குமோ? முக்கியமான காரியம் ஒன்றுமில்லை. ஒழுங்குக்காகத்தான் கேட்கிறேன்.

மச்சானிடம் நான் விசாரித்ததாகச் சொல்வது சரியென்று உனக்குப் பட்டால் சொல்லு. பிழையென்று பட்டால் விட்டுவிடு.

உன் அண்ணன்,
அ. பரமலிங்கம்

*

தாய்ப்பிங், மலாயா
18-2-1935

அண்ணைக்கு,

ஞானாம்பிகை எழுதுவது. கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சுடவைத்துப் பூசச் சொல்லி மச்சாளிடம் சொல்லுங்கள்.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு வந்த கடிதத்தை அடுப்படியில் நின்று பிரித்தேன். செத்தவீட்டுச் செய்தியோ என்று நினைத்தேன். பார்த்தால் கொப்பி கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்குக்காகவோ? நல்லது. நானும் ஒழுங்காகவே எழுதுகிறேன், உங்களுக்கு மறந்திருந்தால் நினைவு வரட்டும்.

ஐந்து பங்குக் கிணறு. பட்சத்துக்குப் பதினைந்து திதி, பங்குக்கு மூன்று திதி முறை. சப்தமி, அட்டமி, நவமியை எடுக்க எவரும் முன்வரவில்லை, அந்த நாட்களில் தொட்டது துலங்காதென்று. “தண்ணிக்கு ஏது அட்டமி” என்று சிரித்துக்கொண்டு இவர் எடுத்தார். அந்த வருடம் ஊரிலேயே திறமான புகையிலை இவருடையது. அடுத்த பங்குக்காரர் முருகேசு அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. “கதிரவேலுவின்ரை முறை நாளிலை விடியப் போய்ப் பாருங்கோ, கிணறு இறங்கிக் கிடக்கு. இரவிலை துலா மிதிச்சுத் தண்ணி இறைக்கிறான்” என்றார். இரவு கிணறு ஊறும் நேரம், எவரும் கை வைக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. நீங்கள் நடுநிலையாக அளந்து சொல்வதாக இறங்கினீர்கள். ஒரு வருடம் தினமும் காலை ஆறு மணிக்கு நீங்கள் குனிந்து அளவுகோலைப் பார்த்துச் சொன்னீர்கள், நான் பக்கத்தில் நின்று எழுதினேன். என் புருஷனைக் கள்ளனாக்கிய இலக்கங்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன, அண்ணை.

கோவில் மண்டபத்தில் நீங்கள் களவு என்ற சொல்லைச் சொல்லவில்லை. “கதிரவேலுவின் முறை நாட்களில், மற்ற நாட்களைவிடச் சராசரி இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைவு” என்று மட்டும் வாசித்துவிட்டு இருந்துவிட்டீர்கள். மற்றதை ஊர் சொன்னது. பங்கு போனது, தோட்டம் போனது, நாங்கள் கப்பல் ஏறினோம். அந்தப் பெயர் அழியும்வரை அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று இவர் சொன்ன சத்தியம் இன்றும் இருக்கிறது. உங்கள் விசாரிப்பை இவரிடம் சொல்லவில்லை.

கொப்பி எதற்கு என்று உள்ளதை எழுதுங்கள். பிறகு தேடிப் பார்க்கலாம்.

ஞானாம்பிகை

*

இடைக்காடு
16-3-1935

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். அதில் ஒரு வரிகூடப் பிழையில்லை. எண்ணெய் பூசினேன், முழங்காலுக்குச் சுகம். உங்கள் இருவருடைய தேக நிலையையும் அடுத்த கடிதத்தில் ஒரு வரியாவது எழுது.

உள்ளதை எழுதுகிறேன். கார்த்திகை மாதம் வளலாய்க் கரையில் செபமாலை என்ற கடற்றொழிலாளி வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: “அட்டமிக்கு விடிய வந்தியளெண்டால் வள்ளம் தரையிலை கிடக்கும் ஐயா. அமாவாசைக்கு விடியக் கடல் முட்டிக்கொண்டு நிக்கும். உது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.” முப்பது வருடம் கந்தோரில் கணக்குப் பார்த்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நற்பிரதியை எடுத்துத் திதிகளைப் பார்த்தேன்.

நமது கிணற்றுக்கும் கடலுக்கும் ஒரு மைல்தான். அடியில் சுண்ணாம்புக்கல், தேன்கூடு போல ஓட்டை. கடல் ஏறி இறங்கினால் கிணறும் சற்று ஏறி இறங்கும். திதி சந்திரனின் கணக்கு, கடலின் ஏற்ற இறக்கமும் சந்திரனின் கணக்கு. ஆகவே காலை ஆறு மணிக்கு நீர் தாழ்ந்திருக்கும் திதி எப்போதும் ஒன்றுதான். நாம் முறையைக் கிழமைக் கணக்கில் வைத்திருந்தால் அந்தத் தாழ்வு ஐவருக்கும் மாறி மாறி வந்திருக்கும், எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். திதிக் கணக்கில் வைத்ததால் ஒவ்வொரு பட்சமும் மச்சானின் தலையிலேயே விழுந்தது. நானும் தினமும் ஒரே நேரத்தில் பார்த்தேன். வேறு நேரம் ஒருநாளாவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒழுங்கு தவறக்கூடாது என்று பார்க்கவில்லை.

ஆனால் இது என் ஊகம். மச்சான் இரவில் இறைத்திருந்தாலும் அதே திதிகளில்தான் குறைந்திருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நான் படித்த வட்டுக்கோட்டைக் கல்லூரி நூல் நிலையத்துக்கு மாட்டுவண்டியில் நான்கு தரம் போய்வந்தேன். பூரியே என்ற பிரெஞ்சுக்காரரின் முறை அங்கே ஒரு புத்தகத்தில் இருக்கிறது. எந்த ஏற்ற இறக்கத்தையும் தூய அலைகளாகப் பிரித்துவிடலாம். பட்சத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்குவது முதல் அலை, இரண்டு தரம் இரண்டாவது, இப்படியே போகும்.

சந்திரன் செய்தது மெல்ல இறங்கி மெல்ல ஏறும். அது ஒரே அலை. களவு அப்படியல்ல. சட்டென்று தொடங்கி, மூன்று நாள் நின்று, சட்டென்று முடியும். சட்டென்று தொடங்கி முடிகிற எதையும் பிரித்தால் அது ஒரு அலையோடு நிற்காது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று ஒரு பரிவாரமே வரும். அந்தப் பரிவாரத்தில் யார் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்ல ஒரு சிறிய சூத்திரம் உண்டு. ஒரு கோணத்தின் சைனை எடுத்து அந்தக் கோணத்தாலேயே வகுப்பது. அவ்வளவுதான். வரைந்தால் நடுவில் ஒரு மேடு, இரு பக்கமும் தேய்ந்து தேய்ந்து போகும் சிற்றலைகள், குளத்தில் கல் போட்டது போல. பதினைந்து திதியில் மூன்று திதிக் களவென்றால், முதல் அலை நூறு பங்கு, இரண்டாவது எண்பத்தொன்று, மூன்றாவது ஐம்பத்துநான்கு, நான்காவது இருபத்தைந்து. மூன்று தரம் சரிபார்த்தேன்.

சுருக்கமாகச் சொன்னால், களவு பரிவாரத்தோடு வரும், சந்திரன் தனியே வருவான். கிணற்றின் கணக்கில் யார் வந்தது என்று பார்க்கவேண்டும். நற்பிரதியை வைத்துத் தொடங்கியிருக்கிறேன். பென்சில் கொப்பி கிடைத்தால் நல்லது.

அண்ணன்,
பரமலிங்கம்

*

இடைக்காடு
11-4-1935

தங்கச்சிக்கு,

உன் பதில் வரவில்லை. வராமலிருப்பதே நல்லதென்று இன்று நினைக்கிறேன். சுகம் விசாரித்து எழுதவும் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

பெரிய அலைகளைப் பார்க்கப் பயந்து, பரிவாரத்தின் கடைசி ஆளிடமிருந்து கணக்கைத் தொடங்கினேன். நான்காவது அலை அங்கே நிற்கிறது. முதல் அலையில் கால் பங்கு, சற்றுக் கூட. சூத்திரம் களவுக்குச் சொன்ன அதே கால் பங்கு. ஒன்பது தரம் கூட்டிப் பார்த்தேன்.

நான் முதற் கடிதத்தை எழுதியிருக்கக்கூடாது. பதினெட்டு வருடத்துக்கு முன் செய்ததையே திரும்பவும் செய்துவிட்டேன்.

பரமலிங்கம்

*

தாய்ப்பிங்
9-5-1935

அண்ணைக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. அப்படியென்றால் இவர் எடுத்தவர்தானா?

உங்கள் கடிதங்களை நான் இவருக்கு வாசித்துக் காட்டவில்லை. இவருடைய கண்ணில் புகை படர்ந்துகொண்டு வருகிறது. வருகிற தபாலையெல்லாம் நான்தான் வாசிக்கிறேன். உங்களுடையதை மட்டும் கோவில் திருவிழா அறிவித்தல் என்று சொல்லிவிட்டேன். “இந்த வருசம் எத்தினை திருவிழா?” என்று கேட்கிறார். பார்வை இன்னும் ஒரு வருடம் நின்றால் பெரிய காரியம் என்று டாக்குத்தர் சொன்னார். கண் இருக்கும்போதே ஊரைப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டேன். “கள்ளன் எண்டு கூப்பிடுற ஊரிலை குருடனாயும் திரியவோ?” என்றார். பிறகு கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

நான் கேட்டதற்கு ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். சராசரி எழுதவேண்டாம்.

ஞானாம்பிகை

*

இடைக்காடு
1-6-1935

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும். மச்சானின் கண்ணை நினைத்து இங்கே இருவரும் வருந்துகிறோம். நீ கேட்டதற்கு இல்லை என்று எழுத மிகவும் ஆசைப்படுகிறேன். இன்னும் ஒரு படி இருக்கிறது. அதுவரை வந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் குணலட்சுமி என் கையிலிருந்து வாங்கி வாசித்தாள். பிறகு கேட்டாள்: “நாலாவது ஆள் வந்திட்டான் எண்டு ஒப்பாரி வைச்சியள். ரெண்டாவதும் மூண்டாவதும் வந்தவையோ?”

“பார்க்கவில்லை” என்றேன்.

“பேந்தென்ன பரிவாரம்? கடைசி ஆள் மட்டும் வந்தால் அவன் வழி தவறி வந்தவன். பாருங்கோ போய்.”

பார்த்தேன். களவென்றால் இரண்டாவது அலை எண்பத்தொரு பங்கு, மூன்றாவது ஐம்பத்துநான்கு பங்கு இருக்கவேண்டும். இரண்டும் இல்லை. குறைவு என்று சொல்லவில்லை, தங்கச்சி, ஒன்றுமே இல்லை. பெரியவர்கள் இருவரும் வராமல் சின்னவன் மட்டும் எப்படி வந்தான்? இரண்டு நாள் இதையே யோசித்தேன். மூன்றாம் நாள் நற்பிரதியின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கியது.

அவனை வரவழைத்தவன் நான்தான்.

1916இல் மண்டபத்தில் வாசிக்க வசதியாக இருக்கட்டுமென்று, நற்பிரதியில் ஒவ்வொரு பங்குக்காரரின் மூன்று நாளையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே இலக்கமாக எழுதினேன். முந்நூற்றுச் சொச்ச நாள் ஐந்து ஐந்து கட்டமாகச் சுருங்கியது. அழகான எழுத்து. ஆனால் மெல்ல இறங்கி மெல்ல ஏறியதை நான் படிக்கட்டாக வெட்டிவிட்டேன். படிக்கட்டு சட்டென்று இறங்கும், சட்டென்று ஏறும். ஐந்து படியாக வெட்டிய அலையில் என்ன புதிதாக முளைக்கும் என்று அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது இல்லை, மூன்றாவது இல்லை, நான்காவது கால் பங்கு. அச்சொட்டாக அதே கணக்கு.

ஆகவே நான் கண்ட அந்தக் களவு கிணற்றில் நடந்ததல்ல, என் கட்டங்களில் நடந்தது.

ஆனால் நற்பிரதியை வைத்து இதற்கு மேல் சத்தியம் செய்ய முடியாது. ஒரு தரம் வெட்டியதை ஒட்டமுடியாது. நாள் நாளாக எழுதிய பென்சில் கொப்பி ஒன்றுதான் பேசமுடியும். அது இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு. இருப்பதை வைத்து நான் முயற்சி செய்வேன்.

அண்ணன்,
பரமலிங்கம்

*

தாய்ப்பிங்
24-6-1935

அன்புள்ள அண்ணைக்கு,

இத்துடன் பார்சலில் நீல மட்டைக் கொப்பி வருகிறது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. இலக்கம் ஒன்றும் போகவில்லை.

அது தவறுதலாக வந்ததல்ல. கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் உங்கள் மேசை லாச்சியிலிருந்து நானே எடுத்தேன். பதினெட்டு வருடமும் என் றங்குப் பெட்டியில் கூறைச் சேலைக்குக் கீழே இருந்தது. நீங்கள் ஜனவரியில் கேட்ட அன்றே அனுப்பியிருக்கலாம்.

ஏன் அனுப்பவில்லை என்று இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்கள் கணக்குச் சரியாக வரட்டும் என்றுதான் சொல்கிறேன், கணக்குப் பார்க்கிறவரிடம் மறைக்கக்கூடாது. அந்த வருடம் இவர் பல நாள் விடியமுன் எழுந்து போனார். கேட்டால் “சும்மா, காத்துக்கு” என்றார். திரும்பி வரும்போது கால் ஈரமாக இருக்கும். பனியோ தண்ணீரோ என்று நான் குனிந்து பார்த்ததில்லை. மண்டபத்தில் எல்லோரும் இவரைப் பார்த்தபோது நான் நிலத்தைப் பார்த்தேன். அதை இவர் கண்டவர். இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

என் எழுத்தில் இருக்கிற இலக்கங்கள் இவரைக் காப்பாற்றும் என்று ஒருநாள் நினைப்பேன். மறுநாள் அவையே முடித்துவிடும் என்று நினைப்பேன். அதனால்தான் எரிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

என்ன வந்தாலும் எழுதுங்கள். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவ கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

தங்கச்சி,
ஞானாம்பிகை

*

இடைக்காடு
22-7-1935

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும்.

இல்லை. மச்சான் எடுக்கவில்லை.

முதலில் இதை எழுதிவிட்டேன், இனி ஆறுதலாக மற்றதை எழுதுகிறேன். கொப்பி இந்த மாதம் ஏழாந் திகதி வந்தது. இருபத்துநான்கு பட்சங்களை நாள் நாளாகப் பிரித்து, திதி திதியாகக் கூட்டினேன். முதல் அலை இரண்டு அங்குலம். அதை நூறு பங்கென்றால், இரண்டாவது மூன்று பங்கு, மூன்றாவது இரண்டு, நான்காவது ஒன்று. என் கோலில் கால் அங்குலத்துக்குக் கீழே வாசிக்க முடியாது, ஆகவே அந்த மூன்றும் இரண்டும் ஒன்றும் என் கண்ணின் பிழை. பரிவாரம் இல்லை, தங்கச்சி. ஒருவன் மட்டும் வந்து போயிருக்கிறான். பிழை இருக்கக்கூடுமென்று பின்பக்கத்திலிருந்தும் கூட்டிப் பார்த்தேன். நானே நம்புகிறேன். எனக்கு இது பழக்கமில்லாத காரியம்.

நீ எழுதிய ஈரக்காலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அவர் எங்கே போனாரோ, துலாவுக்குப் போகவில்லை.

முருகேசு அண்ணையிடம் போனேன். இப்போது பங்குக்காரரில் அவர்தான் மூத்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சந்திரன் வந்து தண்ணி குடிச்சிட்டுப் போட்டுதோ? நல்ல கதை. தங்கச்சி புருசனுக்குப் பரிஞ்சு கதைக்க இவ்வளவு கடதாசி வேணுமோ, பரமலிங்கம்?”

கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். குணலட்சுமி, “அண்டைக்கு மண்டபத்திலை எழும்பி நிண்டு வாசிச்சியள். இண்டைக்குப் படலையிலை நிண்டு முணுமுணுத்தால் காணுமோ?” என்றாள். திரும்பிப் போய்ச் சொன்னேன், ஆடி அமாவாசைக்கு ஐந்து பங்குக்காரரும் கிணற்றடிக்கு வரட்டும் என்று. அன்று எங்கள் ஊரில் எவரும் துலா மிதிப்பதில்லை. காலை ஆறு மணிக்குக் கிணறு நிறைந்திருக்கும், பகல் பன்னிரண்டேகாலுக்கு நான்கு அங்குலம் இறங்கும், பின்னேரம் திரும்ப ஏறும், இது நடக்காவிட்டால் என் கொப்பியை அவர்கள் முன்னாலேயே கிழிப்பேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

இன்னும் எட்டு நாள். நித்திரை இல்லை.

அண்ணன்,
பரமலிங்கம்

*

இடைக்காடு
31-7-1935

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டு. முழுவதையும் காட்டு. சுகம் விசாரிப்பதை இன்று பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஆடி அமாவாசை. கீரிமலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். ஆறு மணிக்குக் கிணற்றடியில் பங்குக்காரர் ஐவர், அவர்களின் பிள்ளைகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், நாற்பது பேருக்குக் குறையாது. செபமாலையும் வளலாயிலிருந்து நடந்து வந்திருந்தார். வெள்ளை மை பூசி அங்குலம் கீறிய கோலை முருகேசு அண்ணையின் கையாலேயே இறக்கச் செய்தேன். நீர் நின்ற இடத்தில் சிவப்புக் கோடு போடச் சொன்னேன்.

ஏழு மணிக்கு அரை அங்குலம் இறங்கியது. “வெயிலுக்கு வத்துது” என்றார் முருகேசு அண்ணை. ஒன்பதுக்கு மூன்று அங்குலம். “பக்கத்துக் கிணத்திலை ஆரோ இறைக்கினம்” என்றார். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், ஒருவருமில்லை. பத்து மணிக்கு நான்கு அங்குலத்தைத் தாண்டிவிட்டது. எனக்குப் பயம் பிடித்தது. நான் சொன்னது நான்கு. கணக்கில் எங்கேயோ பிழைத்துவிட்டது, இனி இது நிற்காமல் இறங்கப்போகிறது என்று நினைத்தேன். துலாக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செபமாலை என் பக்கத்தில் வந்து, “பொறுங்கோ ஐயா. மத்தியானம் திரும்பும். திரும்பாட்டி நான் தொழிலை விட்டிடுறன்” என்றார்.

பன்னிரண்டேகாலுக்கு ஆறு அங்குலம் இறங்கியிருந்தது. பன்னிரண்டரைக்கும் அதே கோடு. ஒரு மணிக்கு அந்தக் கோட்டுக்கு மேலே நீர் கால் அங்குலம் ஏறி நின்றது. முருகேசு அண்ணையின் பேரப்பெண்தான் கண்டாள். “அப்பு, தண்ணி திரும்பி வருது” என்று கத்தினாள்.

நான்கென்று சொன்னது ஏன் ஆறானது என்று அந்த இடத்தில் நின்றே யோசித்துக் கண்டுபிடித்தேன். சூரியனும் இழுக்கிறான். தினமும் ஆறு மணிக்கே பார்த்தவனுக்குச் சூரியனின் பங்கு ஒருநாளும் தெரியாது, அவன் ஆறு மணிக்கு எப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறான். என் பிழைகளில் எனக்குச் சாதகமாக வந்தது இது ஒன்றுதான்.

முருகேசு அண்ணை இலேசில் விடவில்லை. “சரி, கிணறு தானாய் ஏறி இறங்குது. கண்ணாலை கண்டன். ஆனால் அவன் அதோடை சேர்த்துக் களவும் எடுக்கேல்லை எண்டு ஆர் சொல்லுறது?”

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். சைனையும் கோணத்தையும் சொல்லவில்லை. நீல மட்டைக் கொப்பியைத் திறந்து கேட்டேன்: “அண்ணை, வாய்க்காலை மண்வெட்டியாலை மறிச்சால் தண்ணி எப்பிடி நிக்கும்?”

“சட்டெண்டு நிக்கும்.”

“திறந்தால்?”

“சட்டெண்டு வரும். உதென்ன கேள்வி?”

“மனிசன் கை வைச்சால் சட்டெண்டுதான் இருக்கும். இந்தக் கொப்பியிலை சட்டெண்டு ஒண்டும் இல்லை. கேளுங்கோ.” திதி திதியாக வாசித்தேன். சதுர்த்தியில் சராசரிக்குக் கிட்ட. பஞ்சமியில் அரை அங்குலம் குறைவு. சஷ்டியில் ஒன்றேகால். சப்தமியில் ஒன்றேமுக்கால். அட்டமியில் இரண்டு. பிறகு நவமி, தசமி, ஏகாதசி என்று வந்த வழியிலேயே திரும்பி ஏறுகிறது.

“சஷ்டியிலேயே ஒண்டேகால் அங்குலம் இறங்கியிட்டுது. சஷ்டி ஆரின்ரை முறை?” என்று கேட்டேன்.

“என்ரை” என்றார் முருகேசு அண்ணை.

“அப்ப முருகேசண்ணையும் சந்திரனோடை கூட்டுத்தான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார், தங்கச்சி. சிரித்து முடிய, தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பதினெட்டு வருசம் ஒரு மனிசனைக் கடல் தாண்ட வைச்சிட்டம்” என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்னேரம் ஆறே கால் மணிக்குச் சிவப்புக் கோட்டில் தண்ணீர் வந்து நின்றது. அப்படியே எல்லோரும் கோவில் மண்டபத்துக்குப் போனோம். அன்று நான் நின்ற அதே தூணடியில் நின்றேன். “நான் இங்கே வாசித்த சராசரி பிழை. கிணறு பொய் சொல்லவில்லை, கதிரவேலு பொய் சொல்லவில்லை. மூன்று நாளை ஒரு கட்டத்துக்குள் அடைத்த என் நற்பிரதிதான் பொய் சொன்னது” என்றேன். குரல் நடுங்கவில்லை என்று குணலட்சுமி சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

நற்பிரதியைக் கிழித்தேன். பென்சில் கொப்பியைக் கோவில் பெட்டகத்தில் வைக்கச் சொல்லி முருகேசு அண்ணையே வாங்கிக்கொண்டார். சப்தமி, அட்டமி, நவமி கதிரவேலுவின் முறை என்று, அந்தப் பங்கை இப்போது வைத்திருப்பவரும் சேர்ந்து ஐவரும் ஒப்பமிட்ட கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் ஒப்பம் முருகேசு அண்ணையினுடையது.

மச்சான், என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் மன்னிக்காவிட்டாலும் கணக்கு மாறாது என்பது எனக்குப் போதும். உங்கள் கண்ணுக்கும் தங்கச்சியின் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

பரமலிங்கம்

*

தாய்ப்பிங்
19-8-1935

அன்பு மச்சானுக்கு,

கதிரவேலு சொல்ல ஞானாம்பிகை எழுதுறது. நான் சொல்லுறதைச் சொல்லுறமாதிரியே எழுது எண்டு சொல்லியிருக்கிறன். (எழுதுகிறேன் – ஞா.)

ஆறு மாசமாய்த் திருவிழா அறிவித்தல் எண்டு என்னை ஏமாத்தியிருக்கிறாள். இவ்வளவு திருவிழா எங்கடை கோவிலுக்கு இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? கேளாமல் இருந்தன். கண்ணிலைதான் புகை. (இதை எழுதவேண்டாம் என்றேன். எழுது என்கிறார்.)

உங்கடை கடுதாசி எல்லாத்தையும் முதலிலையிருந்து ரெண்டு தரம் வாசிப்பிச்சன். சைனும் கோணமும் எனக்கு விளங்கேல்லை. பரிவாரம் விளங்கினது. முருகேசண்ணை “என்ரை” எண்டு சொன்ன இடத்தை மட்டும் நாலு தரம் வாசிப்பிச்சன். (ஐந்து தரம்.)

நீங்கள் கேளாத ஒண்டு, இவள் கேக்கப் பயந்த ஒண்டு, ரெண்டு பேருக்கும் சொல்லுறன். அந்த வருசம் விடியமுன்னம் நான் எங்கை போனனான் எண்டு. கிணத்தடிக்குத்தான் போனனான். என்ரை முறை நாளிலை தண்ணி இறங்கிக் கிடக்கிறதை உங்களுக்கு முன்னம் கண்டவன் நான். ஆரோ என்ரை தண்ணியைக் களவெடுக்கிறாங்கள் எண்டு நினைச்சன். கள்ளனைப் பிடிக்க வேணும் எண்டு பத்தைக்குள்ளை பனியிலை குந்தியிருந்தன். முருகேசண்ணையிலைதான் சந்தேகம். ஒருநாள் ரெண்டு நாள் உங்களிலையும் சந்தேகப்பட்டன், மச்சான். கோலோடை வந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தால் ஆர்தான் சந்தேகப்படமாட்டினம். (இதைக் கேட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்தார். சிரித்தேன். பிறகு அழுதேன்.)

ஒருத்தரும் வரேல்லை. தேய்பிறை அட்டமியிலை ஒருநாள், கிழக்கு வெளுக்கிற நேரம், எழும்பிப் போய்க் கிணத்துக்குள்ளை எட்டிப் பாத்தன். அரைச் சந்திரன் நேர் உச்சியிலை. அவன்ரை நிழல் தண்ணிக்கு நடுவிலை நிக்கிது. தண்ணி ரெண்டு அங்குலம் குறைஞ்சு கிடக்கு. கள்ளன் உள்ளுக்கை நிண்டு என்னைப் பாத்திருக்கிறான், மச்சான். நான் அவனை வடிவாயிருக்கு எண்டு பாத்திட்டுத் திரும்பி வந்திட்டன்.

மண்டபத்திலை இதைச் சொல்லியிருக்கலாம். இரவிலை கிணத்தடியிலை இருந்தனான் எண்டு நானே ஒத்துக்கொண்டால் ஆர் நம்புவினம்? இவள் நிலத்தைப் பாத்தவள். இவளே நம்பாட்டி ஊர் எங்கை? எண்டு வாயை மூடினன். (நான் நம்பியிருக்கவேண்டும். இவரிடம் நேற்றுச் சொன்னேன். “உனக்கு அண்ணை மூண்டு நாளைக் கூட்டிக் காட்டினவர், நீ என்ன செய்வாய்” என்றார்.)

மன்னிப்பு எண்டு பெரிய கதை எல்லாம் வேண்டாம். பிழையைச் செய்ததும் நீங்கள், கண்டுபிடிச்சதும் நீங்கள், நாப்பது பேருக்கு முன்னாலை சொன்னதும் நீங்கள். பேந்து நான் செய்ய என்ன கிடக்கு? வாறது ஒண்டுதான் கிடக்கு.

பினாங்கிலையிருந்து கப்பல். புரட்டாதி மாசம். திங்களுக்கும் சீட்டு இருந்தது, வெள்ளிக்கும் இருந்தது. அட்டமி எண்டைக்கு எண்டு பஞ்சாங்கத்தைப் பாக்கச் சொல்லி அண்டைக்கு வாங்குவிச்சன். சீட்டுத் தந்த பெடியன், “அட்டமியிலை ஆரும் கப்பல் ஏறுறேல்லை, அப்பு” எண்டான். அதெல்லாம் என்ரை முறை தம்பி எண்டு சொன்னன்.

முருகேசண்ணைக்குச் சொல்லுங்கோ, முதல் முறைக்குத் துலா மிதிக்க அவர்தான் வரவேணும். எனக்குக் கண் சரியில்லை. தண்ணி அள்ளுற பட்டையை நான் பிடிப்பன்.

இப்படிக்கு,
கதிரவேலு

(அண்ணை, இவர் பட்டை பிடிக்கும்போது பக்கத்தில் நின்று நீர்மட்டத்தை எழுத நான் வருகிறேன். பென்சிலும் புதுக் கொப்பியும் எடுத்து வைத்துவிட்டேன். ஒரே நேரத்தில் அல்ல, மணிக்கு மணி பார்ப்போம். – உங்கள் தங்கச்சி.)